புதுப்பட்டினத்து அரபி

ஒன்பது வயதுவரை ஷார்ஜாவில் வளர்ந்தும் எனக்கு அரபி வரவில்லை. நான் அரபி பேசியது புதுப்பட்டினத்தில்தான். ஒரே ஒரு கோடை விடுமுறை, மத்தியான வேளைகளில் மட்டும், பேய் பிடித்ததாக வீட்டார் முடிவு கட்டியிருந்த என் அத்தையோடு பேசினேன். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பிப்பேன்.

ஷார்ஜாவில் நான் படித்த பள்ளியில் அரபி கட்டாயப் பாடம். நாற்பது மார்க்கைத் தாண்டியதாக எனக்கு ஞாபகமில்லை. என் நோட்டைக் கையில் எடுக்கும்போதே அரபி மிஸ்ஸுக்குப் பெருமூச்சு வந்துவிடும். ஆனால் நான்காம் பாடம் மட்டும் தலைகீழாகத் தெரியும். தண்டனையாக அதை ஐம்பது முறை எழுதியிருந்தேன். பாடத்தின் பெயர் 'வீடு'. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு வாக்கியம். கதவு திறந்திருக்கிறது. கதவு மூடியிருக்கிறது. சாவி அப்பாவிடம் இருக்கிறது. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது. என் அரபிச் சொத்து மொத்தமும் இவ்வளவுதான்.

அப்பா அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். குடும்பத்துக்கு இனி விசா கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட, அவர் மட்டும் தங்கிக்கொண்டு அம்மாவையும் என்னையும் ஏப்ரல் மாதம் ஊருக்கு அனுப்பிவைத்தார். நாங்கள் வந்து இறங்கியது புதுப்பட்டினத்தில் பெரியப்பா வீட்டில். பெரியப்பா கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒப்பந்த பஸ்ஸின் டிரைவர். பெரியம்மா வீட்டு முன்புறத்திலேயே நாஸ்தா கடை வைத்திருந்தாள். விடியற்காலை நான்கு மணிக்கு இட்லிப் பானையை ஏற்றினால் பத்து மணிக்கு எல்லாம் தீர்ந்துவிடும். அம்மா வந்த வாரமே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். புதுப்பட்டினத்தில் நான் அரபிப் பண்டிதை ஆனது அப்படித்தான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெரியப்பா என்னை இழுத்து நிறுத்துவார். "எங்கூட்டுப் பொண்ணு, அரபி சும்மா தண்ணி மாரி பேசும். பேசும்மா." நான் கையைக் கட்டிக்கொண்டு நான்காம் பாடத்தை ஒப்பிப்பேன். கேட்பவர்கள் இட்லியை விட்டுவிட்டு வாயைப் பிளப்பார்கள். அது மேசைக்கு அடியில் இருக்கும் பூனையைப் பற்றியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அந்தப் பெருமை பிடித்திருந்தது. மற்றபடி அந்த ஊரில் எனக்கு எதுவுமே பிடிக்கவில்லை. பேச ஒரு பிள்ளை கிடையாது. தெருப் பிள்ளைகள் என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. குவைத்தில் ஒரு வீட்டில், முதலாளியின் வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, எங்களுக்கு முன்னால் பொங்கலுக்கு வந்திருந்தாள். வந்ததும் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கருங்குழியில் வெல்டிங் கடை. ஆவணியில் முகூர்த்தம். காலையில் சட்னிக்குத் தேங்காய் துருவும்போது அத்தை பாட்டு முணுமுணுப்பாள். எனக்கு ஒரு துண்டு தேங்காயை நீட்டி, "இனிமே பிளேனு, ஏர்போர்ட்டு ஒண்ணும் கெடையாது. நானு கருங்குழி வரைக்கும்தான் போவேன்" என்பாள். ஒரு நாள் இல்லை, தினமும் சொல்வாள். உலகத்திலேயே அழகான ஊர் கருங்குழிதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அத்தைக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். ஊரில் இருக்க வேண்டும், ஆவணியில் கல்யாணம் நடக்க வேண்டும்.

முதல் மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கத்திரி வெயில். சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா வாசல் கதவைத் தாழ் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடல் பக்கமிருந்து அனல் காற்று மணலை வாரிக்கொண்டு வருமென்று தினமும் அப்படித்தான் செய்வாள். முன்னறையில் படுத்தவள் இடி விழுந்தாலும் எழ மாட்டாள். உள்ளறையில் நானும் அத்தையும். நான் பாயில் கிடந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"யா பிந்த்."

'ஏ பொண்ணே' என்று அர்த்தம். குரல் அத்தையுடையது இல்லை. வறண்டு, இழுத்து, எல்லாரையும் அதட்டிப் பழகிய ஒரு கிழவியின் குரல். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தையின் கண்கள் திறந்திருந்தன. வாயின் ஒரு ஓரம் கீழே தொங்கியிருந்தது.

நான் பயந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஷார்ஜாவை விட்டு வந்த பிறகு ஒருவர் என்னிடம் அரபியில் பேசுவது அதுதான் முதல்முறை.

"மாய்" என்றது குரல். தண்ணீர். நான் ஓடிப்போய் டம்ளரில் மொண்டு வந்தேன். அத்தை அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள். காலையில் ஒரு சொட்டுச் சிந்தாமல் பத்துப் படி மாவு கரைத்த கைகள் அவை. இப்போது அவை நடுங்கிய நடுக்கத்தில் பாதித் தண்ணீர் மோவாயில் வழிந்தது. "தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று நான் பாடத்தில் உள்ளபடி சொன்னேன். அத்தை மெல்லத் தலையாட்டினாள்.

பிறகு கேட்டாள். "பாப்?"

கதவு. நான் எட்டிப் பார்த்தேன். வாசல் கதவு தாழிட்டுக் கிடந்தது. பதில் எனக்குத் தெரியும். "அல்பாப் முக்லக்." கதவு மூடியிருக்கிறது.

"மிஃப்தாஹ்?"

சாவி. அதற்கும் பதில் இருந்தது. சாவி அப்பாவிடம் இருக்கிறது.

அத்தையின் முகம் சுருங்கியது. அவள் அழ ஆரம்பித்தாள், ஆனால் கண்ணில் ஒரு சொட்டுக் கூட வரவில்லை. பின்பக்கமாகக் கையை மடக்கிச் சுவரைத் தட்டினாள். மூன்று தட்டு, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பது, மறுபடி மூன்று தட்டு. நாலு மணிக்குத் தெருவில் பெரியப்பாவின் பஸ் ஹாரன் கேட்டதும் தட்டுவது நின்றது. அத்தை எழுந்து முகம் கழுவி டீ போட்டாள். "தூங்கினியா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள். அது அவளுடைய சொந்தக் குரல்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நான் அதை ஒரு விளையாட்டு என்று வைத்துக்கொண்டேன். ஷார்ஜாவில் எங்கள் மாடியில் நாங்கள் பெண் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவோம், அது போல. அத்தை கிழவி, நான் வேலைக்காரப் பெண். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெரியவர்கள் கெடுத்துவிடுவார்கள். நான் வருவதற்கு முன்பு அத்தை மத்தியானங்களில் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம், ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். பெரியம்மா பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதில் சொல்ல ஆள் வந்த பிறகுதான் அந்தக் குரலும் வந்திருக்கிறது.

ஒரு நாள் குரல் என் பெயரைக் கேட்டது. சொன்னேன். அத்தை இல்லையென்று தலையாட்டி, வேறொரு பெயரைச் சொன்னாள். அது அத்தையின் பெயர். அன்று முதல் அந்த அறைக்குள் என்னை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டாள். அத்தையின் வாய் அத்தையின் பெயரைச் சொல்லி என்னை அழைப்பதும், நான் ஏன் என்று கேட்பதுமாக மே மாதம் பாதி போனது. அதை இப்போது எழுதும்போது என் பிடரி கூசுகிறது. அப்போது கூசவில்லை.

பெரியம்மா ஒரு நாள் பல்வலியால் தூங்காமல் இருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். அவள் கையிலிருந்த சொம்பு தரையில் விழுந்து உருண்டது.

முதலில் அம்மன் கோயில் பூசாரி வந்தார். வீட்டைச் சாத்தி, சாம்பிராணி போட்டு, வேப்பிலையோடு அத்தையின் எதிரே உட்கார்ந்தார். "யார்ரா நீ? எந்த ஊரு? இன்னா வோணும் உனக்கு?" என்று அதட்டினார். குரல் அரபியில் பதில் சொன்னது. பூசாரி இன்னொரு முறை அதட்டினார். இன்னும் நீளமாக அரபி வந்தது. அவர் வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டார். "இது நம்ம லிமிட்டே இல்லைங்க" என்றார் பெரியப்பாவிடம், எல்லைத் தகராறு பேசும் போலீஸ்காரரைப் போல. "அம்மன் கேட்டா அதுக்குப் புரியணும். அது சொன்னா அம்மனுக்குப் புரியணும். இது பாய் வூட்டுது. அவங்களாண்டதான் போவணும்."

பெரியம்மாவுக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அம்மா மட்டும், "பேயுமில்ல, பிசாசுமில்ல. எதுக்கோ பயந்துபோயிருக்கா. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அது கருங்குழிக்குத் தெரிந்துவிடும் என்றாள் பெரியம்மா. அத்தனை பயமும் கருங்குழியை நினைத்துத்தான். அம்மா புகுந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தவள். பையை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

வியாழக்கிழமை பெரியப்பா லீவு போட்டார். மகாபலிபுரம் தாண்டிக் கடலோரமாக ஒரு தர்கா உண்டு. பெரியப்பா, பெரியம்மா, அத்தை, நான், நாலு பேரும் பஸ்ஸில் போனோம். தர்கா முற்றம் திறந்த வெளி. மூன்று பக்கமும் காற்று. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, அத்தைக்கு ஒன்றும் வரவில்லை. பிரசாதச் சர்க்கரையைத் தின்றுகொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "வூட்ல அந்தப் பேச்சு பேசுது. இப்பப் பாத்து வாய மூடிகினு கீது பாரு" என்று பெரியம்மா சலித்துக்கொண்டாள். வெயில் கடுமையாக இருந்ததால், அங்கே ஓதிப் பார்க்கும் சாயபு எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்து, மணல் வராமல் கதவைச் சாத்தினார்.

சாத்திய மறு நிமிடம், "யா பிந்த்" என்றது குரல்.

கதவைச் சாத்தினால்தான் வருகிறது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

சாயபு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு நேர்மையாகச் சொன்னார். "எனக்கு ஓதத்தான் தெரியும்ம்மா. இது ஓதுற அரபி இல்ல. அங்க வூட்ல, கடையில பேசுற பேச்சு. எனக்குப் பேசத் தெரியாது." பெரியப்பா ஒரு கணம்கூட யோசிக்காமல் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "எங்க பொண்ணு இருக்குதுங்க."

அத்தை வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நீண்ட வாக்கியங்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. இடையிடையே தண்ணீர், கதவு, சாவி, எங்கே, இவைதான் புரிந்தன. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்றரை மாதமாக நான் அந்த ஊரின் பண்டிதை.

"இன்னாம்மா சொல்லுது?" என்றார் பெரியப்பா.

"கதவு எங்கன்னு கேக்குது. சாவி வேணுமாம்."

"அப்போ வூட்டுக்குப் போவணும்னு கேக்குது" என்றாள் பெரியம்மா.

சாயபு என்னைப் பார்த்தார். மென்மையான முகம் அவருக்கு. "கதவு தொறந்துதான் கீது, பயப்படாதன்னு சொல்லும்மா. அவ்ளோதான். அதச் சொல்லு போதும்."

அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். நான்காம் பாடத்தில் முதல் படம். அதைத்தான் ஐம்பது முறை எழுதியிருந்தேன். அதைச் சொன்னால் குரல் போய்விடும் என்றும் எனக்குப் புரிந்தது. போய்விட்டால் மத்தியானங்கள்? மின்விசிறியும் பாயும் சிரிக்கிற தெருப் பிள்ளைகளும்தான். அத்தைக்கு ஆவணி இருந்தது, கருங்குழி இருந்தது. எனக்கு அந்தக் குரலை விட்டால் யாரும் இல்லை. நான் அத்தையின் காதருகில் குனிந்து, தெரிந்தேதான் சொன்னேன். "அல்பாப் முக்லக்."

கதவு மூடியிருக்கிறது.

அத்தை பேசுவதை நிறுத்தினாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தட்டத் தொடங்கினாள். மூன்று தட்டு, பிறகு காது கொடுத்துக் கேட்பது. அன்றைக்கு அது நெடுநேரம் நிற்கவில்லை. என்னைத் தவிர யாருக்கும் நான் என்ன சொன்னேன் என்று தெரியாது. சாயபு வாசல்வரை வந்து, "டாக்டர்ட்ட காட்டுங்க, இது எங்க வேலை இல்ல" என்று பெரியப்பாவிடம் தனியாகச் சொன்னார். பெரியப்பா கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

பஸ்ஸிலேயே தீர்ப்பு ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. புளியமரத்தடியில் பிடித்ததைப் புளியமரத்தடியில்தான் விட்டுவிட்டு வர வேண்டும்; ஏரிக்கரையில் பிடித்தால் ஏரிக்கரையில். வேறு எங்கே விட்டாலும் ஒட்டிக்கொண்டே வீடு வந்து சேரும். அப்படியானால் குவைத்தில் பிடித்ததை? "அங்கயே கொண்டும்போய்தான் உடணும்" என்றாள் பெரியம்மா. "அதுவே வாயத் தொறந்து வூட்டுக்குப் போவணும்னு கேக்குதே." ஏஜென்ட் கூப்பிட்ட குரலுக்கு வந்தான். அதே வீட்டில், இப்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள, ஒரு விசா தயாராகவே இருந்தது. கருங்குழிக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. அவர்கள் கோபப்படவில்லை, ஒரு வருடம் போய் விட்டுவிட்டு வரட்டும், காத்திருக்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். எல்லாரும் நல்லவர்கள். யாரும் அத்தைக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பெரியப்பா பின்கட்டில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நானே பார்த்தேன்.

அத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னாள், தேங்காய் துருவும்போது. "நான் போல அண்ணி." பெரியம்மா, "ஒரு வருசம்தான. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்" என்றாள். அத்தை மிச்சத் தேங்காயைத் துருவி முடித்தாள். அதோடு பாட்டு நின்றுவிட்டது.

அவள் நான்கு வருடம் கழித்துத் திரும்பினாள். வெல்டிங் கடைக்காரருக்கு அதற்குள் வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டிருந்தது. மத்தியானங்களில் அத்தை அரபி பேசுவதில்லை. தமிழும் அதிகம் பேசுவதில்லை. பேயை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள், சொன்னேன் பார்த்தாயா என்று பெரியம்மாவுக்குத் திருப்தி. வந்த வாரத்தில் அத்தை செய்தது ஒன்றுதான். திருப்புளியால் வீட்டிலிருந்த எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றிக் கடலில் போட்டுவிட்டு வந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கல்லூரியில் சேர்ந்த வருடம் அம்மா எனக்கு விவரம் சொன்னாள். அத்தை அவளிடம் மட்டும் எப்போதோ சொன்னதாம். முதல் முறை போயிருந்தபோது, அந்த வீட்டார் விடுமுறைக்கு வெளியூர் போனார்கள். படுத்த படுக்கையாக இருந்த கிழவியையும் அத்தையையும் மாடியில் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போனார்கள். கொடுமை செய்ய அல்ல. வேலைக்காரி ஓடிவிடக் கூடாதே என்றுதான். இரண்டாம் நாள் தண்ணீர்த் தொட்டி காலியானது. கிழவி தண்ணீர் கேட்டாள், கதவைக் கேட்டாள், சாவியைக் கேட்டாள். அத்தை சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் கிழவி கேட்பதை நிறுத்தினாள். ஐந்தாம் நாள்தான் கதவு திறந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் நான் அரபியை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இப்போது அதற்காகவே வெளிநாட்டில், வெளிநாட்டவருக்கான ஒரு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயும் நான்காம் பாடம் வீடுதான். ஆசிரியை கதவைக் காட்டிக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அவர் எனக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கிழவியின் கதை தெரிந்தது எனக்குப் பெரிய வேதனைதான். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. அத்தை கிளம்பிய காலை.

ஜூன் மாதம். பள்ளி திறந்த வாரம். நான் புதுச் சீருடையில் வாசலில் நின்றேன். ஏர்போர்ட்டுக்குப் போகும் வேன் தெருவில் நின்றது. மணி எட்டு இருக்கும். கடையில் இட்லி ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சம். கதவுகள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தாள். என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் காலர் மடிப்பைச் சரி செய்தாள். கைகள் நடுங்கவில்லை. வாய் கோணவில்லை.

"பாப்?" என்று கேட்டாள்.

கிழவியின் குரல் இல்லை. தேங்காய் துருவும்போது பாடுகிற, டீ போடும்போது தூங்கினாயா என்று கேட்கிற குரல். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேனில் ஹாரன் அடித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

கடைசியாக ஒரு தடவை விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, அரபி மிஸ் கேட்டால் மெச்சும்படித் தெளிவாகச் சொன்னேன்.

"அல்பாப் முக்லக்."

"சரி" என்றாள் அத்தை, தமிழில். எழுந்துபோய் வேனில் ஏறிக்கொண்டாள். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர், "பாப்பா இன்னாமா பேசுது" என்று பெரியப்பாவிடம் சொன்னார். தெருக்கோடி திரும்பும்வரை நான் அத்தைக்குக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.